நஸீபும் நஃப்ஸும்: நம்ம கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் இருபது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் வாப்பாமாரும் உம்மாமாரும் வாசலில் நின்று ஏதாவது கேட்பார்கள். பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி, பாம்பன் என்று சொந்தபந்தம் இருக்கிற ஊர்களிலிருந்து போனிலும் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது), தொழுகைச் சட்டங்கள் இதில் கிடையாது. நான் செய்ததற்கு நான் எவ்வளவு பொறுப்பு, மனசோடு போராடித் தோற்றுப்போகிறவனுக்கு என்ன வழி என்ற வகைக் கேள்விகள் மட்டும்தான். நஸீபு என்றால் விதி, நஃப்ஸு என்றால் நமக்குள் இருக்கிற 'நான்'. நான் முஃப்தி இல்லை. ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, தேவைப்படுகிறவர்கள் ஆலிம்களிடம், மார்க்க அறிஞர்களிடம்தான் போக வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் குர்ஆனின் அத்தியாயமும் வசனமும்.

எல்லாம் அவன் எழுதிவைத்தபடிதானே நடக்கிறது? அப்புறம் என்னை ஏன் கேள்வி கேட்கிறான்?

இதைக் கேட்பவர்கள் இரண்டு வகை. மகனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, "அவன் நஸீபு அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லி மூச்சு விடுகிறவர் ஒருவர். அவரிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்காதீர்கள். அவருக்கு அது ஈமான் (இறைநம்பிக்கை), அதுவே மருந்தும்கூட. இன்னொருவர் தம்பி பங்கு நிலத்தை வளைத்துப் போட்டுவிட்டு, "அல்லாஹ் நாடாமல் நடக்குமா?" என்பவர். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்தான் வருகிறது, ஆனால் விஷயம் வேறு வேறு. நம் தலையில் வந்து விழுந்த முஸீபத்துக்கு (துன்பத்துக்கு) விதியைச் சொல்லலாம். நம் கையால் செய்த தப்புக்கு விதியைச் சாட்சி கூப்பிடக் கூடாது.

நம் கரையில் பெரும்பாலும் மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபு, அகீதாவில் (நம்பிக்கைக் கோட்பாட்டில்) அஷ்அரீ வழி. இமாம் அஷ்அரீ (மறைவு ஹிஜ்ரி 324) சொன்ன ஒரு வித்தியாசம் எனக்கு எப்போதும் உதவும். குளிர்ஜுரத்தில் கை நடுங்குகிறது. அதே கை, கல்லாவில் இருக்கிற பணத்தை நீட்டி எடுக்கிறது. இரண்டு அசைவையும் படைப்பவன் அல்லாஹ்தான். ஆனால் முதலாவது நம்மை மீறி நடக்கிறது, இரண்டாவதை நாம் நாடிச் செய்கிறோம். அந்த நாட்டத்தோடு சேர்ந்ததை அவர்கள் 'கஸ்பு', அதாவது சம்பாத்தியம் என்றார்கள். கேள்வி கணக்கு அந்தச் சம்பாத்தியத்துக்குத்தான். நடுங்கிய கைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கலீஃபா உமர் (ரலி) ஷாம் தேசத்துக்கு (இன்றைய சிரியா பக்கம்) போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது தெரிந்து திரும்ப முடிவு செய்தார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்று நபித்தோழர் அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். "ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்" என்றார்கள் உமர். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வறண்டு கிடக்கிறது. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அவன் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்றும் கேட்டார்கள். ஒட்டகம் நமக்குப் பழக்கமில்லாத பிராணி, ஆனால் படகு தெரியும். நங்கூரம் போடாமல் கரையேறிவிட்டு, காற்று இழுத்துக்கொண்டு போனபின் நஸீபைச் சொன்னால் எந்தச் சம்மாட்டியும் (படகு முதலாளியும்) ஒப்புக்கொள்ள மாட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (அல்லாஹ்வின் மேல் பொறுப்பு) வை என்றுதான் நபி (ஸல்) அவர்களும் சொன்னார்கள்.

ஷைத்தான் தூண்டித்தானே செய்தேன்?

தூண்டினான், அது உண்மைதான். ஆனால் கியாமத்து (மறுமை) நாளில் அவனே கையை விரித்துவிடுவான் என்று குர்ஆன் சொல்கிறது (14:22). "உங்கள் மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. கூப்பிட்டேன், வந்தீர்கள். என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள்." இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். வாழ்நாள் முழுக்க யார் பேச்சைக் கேட்டோமோ, அவனே கடைசியில் சாட்சி சொல்ல மறுக்கிறான்.

நஃப்ஸு என்கிறீர்களே, அது மனசா, ஆசையா?

இரண்டும் கலந்தது, 'நான்' என்று வைத்துக்கொண்டால் கிட்ட வரும். குர்ஆன் அதன் மூன்று நிலைகளைப் பேசுகிறது. கெட்டதை ஏவிக்கொண்டே இருப்பது அம்மாரா (12:53). செய்தபின் தன்னையே குத்திக்காட்டுவது லவ்வாமா (75:2). அமைதியடைந்தது முத்மஇன்னா (89:27). மூன்றாவது பெரியவர்களுக்கு வாய்த்தது. நம்மில் பலர் முதல் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறோம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் அந்த நஃப்ஸின் மீது அல்லாஹ் சத்தியம் செய்கிறான். தப்புச் செய்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர் தன்னைக் கெட்டவன் என்றே முடிவு கட்டிவிடுகிறார். அந்தப் புரளல் உயிர் இருப்பதற்கு அடையாளம்.

தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் ஓதி, கடைசியில் சென்னையில் அடங்கிய மஸ்தான் சாகிபு அவர்களும் இந்த மல்லுக்கட்டைத்தான் தமிழில் பாடினார்கள். நம் மண்ணுக்கு இது புதுப் பேச்சு இல்லை.

நஃப்ஸோடு போராடுவதுதான் பெரிய ஜிஹாத் என்கிறார்களே, அந்த ஹதீஸ் (நபிமொழி) உறுதியானதா?

"சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பியிருக்கிறோம்" என்று வரும் அறிவிப்பு பலவீனமானது. அது தாபிஈ (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர்) ஒருவரின் சொல் என்று இப்னு ஹஜர் போன்ற ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கருத்து அதைமட்டும் நம்பி நிற்கவில்லை. தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் (போராளி) என்ற நபிமொழி திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. "நமக்காகப் போராடுபவர்களுக்கு நம் வழிகளைக் காட்டுவோம்" (29:69) என்ற வசனம் மக்காவில் இறங்கியது. அப்போது முஸ்லிம்களுக்குச் சண்டையிட அனுமதியே கிடையாது. அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்த காலம் அது. ஜிஹாத் என்ற சொல்லுக்கு முழு மூச்சான முயற்சி என்று பொருள். போர்க்களம் பற்றிய வசனங்களும் குர்ஆனில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குத் தனியாக எல்லைகளும் விதிகளும் இருக்கின்றன. ஆனால் ஃபஜ்ருக்கு (விடியற்காலைத் தொழுகைக்கு) போர்வையை விலக்குகிற போராட்டத்துக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. அது எல்லோருக்கும், எல்லா நாளும் உண்டு.

தொழும்போதே கெட்ட எண்ணம் வருகிறது. அதற்கும் பாவம் எழுதப்படுமா?

எழுதப்படாது. மனசில் ஓடுவதைச் சொல்லாத வரை, செய்யாத வரை இந்த உம்மத்துக்கு (சமுதாயத்துக்கு) மன்னிப்பு உண்டு என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. சஹாபாக்களே (நபித்தோழர்களே) நபியிடம் வந்து, வாயால் சொல்லக்கூட அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று முறையிட்டார்கள். "அப்படி அஞ்சுகிறீர்களா? அதுதான் தெளிவான ஈமான்" என்று பதில் வந்தது. கெட்டதை நினைத்து, அல்லாஹ்வுக்காகக் கைவிட்டால் அதற்கு ஒரு நன்மையே எழுதப்படுகிறது.

ஒளுவை ஏழெட்டுத் தடவை திரும்பச் செய்கிறவர்கள், கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் மனநல மருத்துவரையும் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொழுகை, நோன்பெல்லாம் சரியாக இருக்கு. வியாபாரத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. அல்லாஹ் மன்னிக்க மாட்டானா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் வாப்பா கருவாட்டுக் கடை வைத்திருந்தார்கள். கைத்தராசுதான். ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால் வெறும் தராசைத் தூக்கி முள் நேராக நிற்பதைக் காட்டுவார்கள். அப்புறம் தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் காட்டுவார்கள். தட்டின் அடியில் புளி ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் சந்தையில் இருந்தார்கள், அதனால்தான். நிறுத்து முடிந்தபின் இரண்டு நெத்திலியை எடுத்துக் கூடப் போடுவார்கள், தட்டு வாங்குகிறவர் பக்கம் இறங்கும்வரை. எனக்குப் பத்து வயசில் அது வீண் என்று தோன்றும். "நிறு, சாய்த்து நிறு" என்று நபி (ஸல்) சந்தையில் நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் சொன்ன ஹதீஸைப் பிற்பாடு ஓதியபோதுதான் அந்த இரண்டு நெத்திலிக்கு அர்த்தம் புரிந்தது.

அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று ஒரு அத்தியாயமே தொடங்குகிறது (83:1). தங்களுக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள், பிறருக்கு அளக்கும்போது குறைப்பார்கள் என்று அது விவரிக்கிறது. நபி (ஸல்) தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, "ஏமாற்றுபவர் என்னைச் சார்ந்தவர் அல்ல" என்றார்கள். மேலே இன்றைக்குப் பிடித்த மீன், அடியில் மூன்று நாள் ஐஸில் கிடந்த மீன் என்று கூடை கட்டுகிறவர் அந்தக் கையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீண்டு மன்னிப்புக் கேட்பதற்கு) மூன்று நிபந்தனைகள்: பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்ய மாட்டேன் என்று உறுதி கொள்வது. மனிதனுடைய ஹக்கு (உரிமை) சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று உண்டு. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடமே மன்னிப்பு வாங்க வேண்டும். இமாம் நவவீ உட்பட ஆலிம்கள் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அல்லாஹ் தன் ஹக்கை மன்னிப்பான். அடுத்தவன் பணத்தை அடுத்தவனைக் கேட்காமல் எப்படித் தள்ளுபடி செய்வது?

திவாலானவன் யார் என்று நபி (ஸல்) கேட்ட ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. காசு பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன் பொருளைத் தின்றிருப்பான், இன்னொருவனை அடித்திருப்பான். அவர்களுக்கு இவனுடைய நன்மைகளை எடுத்துக் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்தபின் அவர்கள் பாவத்தை இவன் மேல் போட்டு நரகில் தள்ளுவார்கள் என்றார்கள். ஷஹீதுக்கே (உயிர்த்தியாகிக்கே) கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்றும் ஹதீஸ் உண்டு. சபருக்கு (வெளிநாட்டுப் பிழைப்புக்கு) போகும்போது கைமாற்று வாங்கியவர்கள், ஊரில் வீடு எழும்பியபின் அந்தக் கடன் பழசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கடன் பழசாவதில்லை.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருஷத்துக்கு முன் ஓதவந்த பையன் ஒருவனைக் கோபத்தில் பிரம்பால் அடித்துவிட்டேன். தப்பு அவன் மேல் இல்லை. காலையில் வேறொருவர் மேல் வந்த கோபம் அது. இரண்டு நாள் இஸ்திஃக்பார் (மன்னிப்புக் கேட்கும் துஆ) ஓதியும் நெஞ்சில் இருந்த கல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். கெண்டைக்காலில் கோடு இன்னும் மறையவில்லை. "உஸ்தாத் தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு வாப்பா" என்றேன். பேசவில்லை. போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து பிரம்பு என் கையில் இல்லை. மல்யுத்தத்தில் ஜெயிப்பவன் வீரன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற ஹதீஸை அதற்கு முன்னால் நூறு தடவை ஓதிக்கொடுத்திருக்கிறேன்.

பணம் கொடுக்க வேண்டிய ஆள் எங்கே என்றே தெரியவில்லையே?

தேடுங்கள். மௌத்தாகியிருந்தால் வாரிசுகளுக்குச் சேரும். முழுக்கத் தேடியும் யாரும் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் ஸதக்கா (தர்மம்) செய்துவிடலாம் என்று ஆலிம்கள் சொல்வார்கள். தேடுவதற்கு முன்பே ஸதக்காவுக்குத் தாவக் கூடாது.

முதலாளி சொன்னார், நான் செய்தேன். பாவம் அவருக்குத்தானே?

அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. படைத்தவனுக்கு மாறுசெய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை. உயிருக்கு அச்சுறுத்தல் என்ற நிர்ப்பந்தம் வேறு (16:106). வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த அளவுக்கு வராது. ஆனால் அந்தப் பயத்தின் கனத்தை அல்லாஹ் அறிவான்.

கடல் அட்டை விஷயம் இங்கேதான் வருகிறது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பிடிக்கத் தடை. அக்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இப்படி என்ற ஆதங்கம் நியாயமானது. சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், மனு கொடுங்கள். ஆனால் ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்கிறது குர்ஆன் (5:1). ஒரு நாட்டில் குடிமகனாக இருப்பதும் ஒப்பந்தம்தான். தவிர, கடலடி மண்ணைத் தின்று சுத்தம் செய்து தள்ளுகிற பிராணி அது. அதை வழித்தெடுத்துவிட்டால் நாளைக்கு வலை போடப்போகிற பேரன்மார்களின் ஹக்கும் போகிறது. எனக்கு அதைவிட வலிப்பது இன்னொன்று. பிடிபட்டு உள்ளே போவது மூட்டை தூக்கிய பதினெட்டு வயசுப் பையன், அனுப்பியவர் வீட்டில் இருக்கிறார். "நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றிக் கேட்கப்படுவீர்கள்" என்ற ஹதீஸ் அந்த வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

மனநிலை சரியில்லாதவர் செய்தது பாவமாகுமா?

ஆகாது. மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்றார்கள் நபி (ஸல்). தூங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை பருவம் எய்தும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை. அவர்கள் கணக்கில் எதுவும் ஏறாது.

ஆனால் அவர்கள் விஷயத்தில் நம் கணக்கு திறந்தே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்துபோனார்கள். எழுதுகோல் உயர்த்தப்பட்ட 28 பேர். கட்டியவர்கள், காசு வாங்கியவர்கள், கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத குடும்பங்கள், தினமும் அந்தச் சங்கிலிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கடந்துபோன நாம் என்று எத்தனை பேர் கணக்கில் அது ஏறியிருக்கும். அதன் பிறகு அந்த மாதிரி விடுதிகள் மூடப்பட்டன. இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கிறது. துஆவும் (பிரார்த்தனையும்) வேண்டும், மருந்தும் வேண்டும். நோய் இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான், சிகிச்சை செய்யுங்கள் என்பது நபிமொழி.

புயல் வந்தது பாவத்துக்குத் தண்டனையா?

1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி இன்னும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ரயிலோடு போனவர்களில் யார் என்ன பாவம் செய்தார்கள் என்று சொல்ல நமக்கு வஹீ (இறைச்செய்தி) வருகிறதா? தண்ணீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீது என்று புகாரியில் வருகிறது. கடலில் போனவரை ஷஹீது என்று மார்க்கம் சொல்லும்போது, பாவி என்று நாம் சொல்லக் கூடாது. புயலைப் பார்த்து நம் பாவத்தை நினைத்து அழலாம். அடுத்தவர் பாவத்தை எண்ணக் கூடாது.

வாப்பா செய்த பாவம் பிள்ளை தலையில் விடியுமா?

இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). வாப்பா விட்டுப்போன சொத்திலிருந்து அவர் கடனை அடைப்பது மட்டும் வாரிசுகள் பொறுப்பு. பங்கு பிரிப்பதற்கு முன்னால் அடைக்க வேண்டும்.

தவ்பா செய்கிறேன், மறுபடியும் அதே பாவம். என் தவ்பா பொய்யா?

செய்யும்போது உண்மையாகச் செய்தீர்கள் என்றால் பொய்யில்லை. ஓர் அடியான் பாவம் செய்து மன்னிப்புக் கேட்கிறான், மன்னிக்கப்படுகிறது. மறுபடி செய்கிறான், மறுபடி கேட்கிறான். "மன்னிக்கிற இறைவன் தனக்கு இருக்கிறான் என்று என் அடியான் அறிந்திருக்கிறான்" என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸில் வருகிறது. நம்பிக்கை இழப்பதைத்தான் குர்ஆன் தடுக்கிறது (39:53).

நபித்தோழர் ஹன்ழலா (ரலி) அவர்களின் கதை எனக்குப் பிடிக்கும். "ஹன்ழலா முனாஃபிக் (நயவஞ்சகன்) ஆகிவிட்டான்" என்று சொல்லிக்கொண்டே தெருவில் போனார். என்ன என்று கேட்டால், நபியோடு இருக்கும்போது சொர்க்கம் நரகம் கண்ணெதிரே தெரிகிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களைப் பார்த்ததும் மறந்துபோகிறது என்றார். அபூபக்கர் (ரலி) அவர்களும் எனக்கும் அப்படித்தான் என்றார்கள். இரண்டு பேரும் நபியிடம் போனார்கள். அதே நிலையில் எப்போதும் இருந்தால் மலக்குகள் (வானவர்கள்) உங்கள் படுக்கையிலும் வழியிலும் வந்து கைகொடுப்பார்கள். ஆனால் ஹன்ழலாவே, ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்றார்கள். அபூபக்கருக்கே அலை ஏறி இறங்கியது என்றால் நமக்கு எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் வலையின் கிழிசலைப் பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கிழிகிறது என்றால், அங்கே ஏதோ உரசுகிறது என்று தேடுவார்கள். பாவத்துக்கும் அப்படித் தேடுங்கள். எந்த நேரம், எந்த ஆள், எந்த இடம்? போனை ராத்திரி வேறு அறையில் வைத்தாலே பாதிப் போராட்டம் முடிந்துவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

தினமும் செய்வதற்குச் சுலபமாக ஒன்று சொல்லுங்கள்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு கி.பி. 1111) நஃப்ஸைக் கூட்டு வியாபாரத்தில் இருக்கும் பங்காளியோடு ஒப்பிட்டார்கள். காலையில் நிபந்தனை பேசு, பகலில் கண்காணி, ராத்திரி கணக்குப் பார். வியாபாரம் செய்கிற நம் ஊருக்கு இதைவிடப் புரியும்படி யாரும் சொல்ல முடியாது. கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குக் கேளுங்கள் என்பது உமர் (ரலி) சொன்னது.

நான் செய்வதைச் சொல்கிறேன். இஷா (இரவுத் தொழுகை) தொழுதபின் ஒரு சின்ன நோட்டில், இன்று யாருடைய ஹக்கு என் கையில் நிற்கிறது என்று மட்டும் எழுதுவேன். பெரிய பாவப் பட்டியல் போட்டால் மூன்றாம் நாள் நோட்டையே திறக்க மனம் வராது. நேற்று இரண்டு வரி இருந்தது. தையல்கடைக்கு 40 ரூபாய் பாக்கி. ராத்தாவிடம் (அக்காவிடம்) போனில் கடுகடுப்பாகப் பேசியது. நாற்பது ரூபாயை இன்று லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) போகும் வழியில் கொடுத்துவிட்டேன். ராத்தாவுக்கு மக்ரிபுக்கு (மாலைத் தொழுகைக்கு) பிறகு போன் போட வேண்டும்.